ஐந்தாம் படத்துக்கு முன்னால்

கடையில் அலமாரி வாங்கினால் அட்டைப்பெட்டிக்குள் பலகைகளோடு ஒரு தாளை மடித்து வைத்திருப்பார்களே, எந்தப் பலகையை எதில் செருகுவது, எந்த ஸ்க்ரூவை எங்கே முடுக்குவது என்று படம் படமாக, அதை வரைவதும் ஒருவருடைய பிழைப்பு என்று நீங்கள் எப்போதாவது நினைத்துப் பார்த்ததுண்டா? இருக்காது. தாளைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, கதவைத் தலைகீழாகப் பூட்டிவிட்டு, கடைக்காரனைத் திட்டியிருப்பீர்கள். அந்தத் திட்டெல்லாம் பதினோரு வருஷமாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது அம்புக்குறிக்குத்தான்.

அம்புக்குறி என்பது ஆபீஸ் வைத்த பெயர். அவள் போடும் அம்புகள் அப்படி. பலகையைச் சுற்றிக்கொண்டு வளைந்து போய்ச் சரியான துளையில் மூக்கை நுழைக்கும். அந்தத் தாளில் ஓர் எழுத்துகூட இருக்கக் கூடாது என்பது கம்பெனி சட்டம். பெட்டி பத்து நாட்டுக்குப் போகிறது, எந்த மொழியில் என்று எழுதுவது? எழுத்து வேண்டாம் என்றார்கள் என்று இவள் பேச்சையும் சேர்த்து விட்டுவிட்டாள். பதினோரு வருஷத்தில் மேலாளரிடம் அவள் வாய்விட்டுக் கேட்டது ஒரே ஒருமுறை. ஜன்னலைச் சாத்தலாமா சார் என்று கேட்டாள். அவர் வேண்டாம் என்றார். அதற்கப்புறம் கேட்கவில்லை.

அந்த மேலாளர்தான் இப்போது அவளுக்கு ஒரு நாற்காலி தருகிறேன் என்று நிற்கிறார். பிரிவுத் தலைவர் பதவி. பழைய தலைவர் ஊரை மாற்றிக்கொண்டு போகிறார். வியாழக்கிழமை சாயந்திரத்துக்குள் சரியா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும். சரி என்றால் தனி அறை, கைப்பிடி வைத்த நாற்காலி, நாள் பூராவும் கூட்டம், மற்றவர்களின் லீவுக்குக் கையெழுத்து. பென்சிலை மட்டும் தொட வேண்டாம். கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் லட்டு மாதிரி வந்த வாய்ப்பு என்றார்கள். அவளுக்கு மட்டும் அது இனிக்கவில்லை.

காரணம் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் ஸ்கூல் வேன் ஓட்டுகிற அவள் கணவன், வேன் படியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரி வராந்தாவில், மாவுக்கட்டுப் போடும்வரை, எக்ஸ்ரேயை மடியில் வைத்துக்கொண்டு அம்புக்குறி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து பெஞ்சில் ஒரு தாய். மடியில் மூச்சிரைக்கிற குழந்தை, காலடியில் புதிதாக வாங்கிய நெபுலைசர், மருந்தைப் புகையாக்கி மூச்சில் ஏற்றுகிற அந்தச் சின்ன இயந்திரம். வீட்டுக்குக் கொண்டுபோய் நீங்களே வைக்க வேண்டும் என்று நர்ஸ் ஒருமுறை வேகமாகச் செய்துகாட்டிவிட்டுப் போய்விட்டாள். பெட்டிக்குள் இருந்த தாளிலோ முன்னும் பின்னும் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. அந்தத் தாய் குழாயை இங்கே செருகிப் பார்க்கிறாள், அங்கே செருகிப் பார்க்கிறாள், கண்ணில் தண்ணீர் முட்டுகிறது. அம்புக்குறிக்குக் கை சும்மா இருக்கவில்லை. எக்ஸ்ரே உறையில் பேனாவால் நாலு படம் போட்டு நீட்டினாள். அந்தத் தாய் பார்த்தாள். இரண்டே நிமிஷத்தில் பூட்டிவிட்டாள். குழந்தை முகமூடிக்குள் இழுத்து மூச்சுவிட்டது. போகும்போது உறையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள், எக்ஸ்ரே மட்டும் இவள் மடியில் அம்மணமாகக் கிடந்தது.

அன்றைக்கு அம்புக்குறிக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. பதினோரு வருஷமாக வரைந்த அலமாரிகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அந்த உயரம் வராது.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி, இரண்டு வாரத்தில் நெபுலைசர் செய்கிற கம்பெனி ஒன்று அவள் ஆபீஸுக்கே எழுதியது. எங்கள் இயந்திரங்களுக்கும் இப்படிப் படத்தாள் போட்டுத் தருவீர்களா என்று கேட்டு, மாதிரிக்கு ஒரு பெட்டியும் அனுப்பியிருந்தார்கள். மேலாளர், "நமக்குத் தெரிஞ்சது பலகை. மூச்செல்லாம் நமக்கெதுக்கு?" என்று சொல்லி மறுத்துவிட்டார். பெட்டி மட்டும் திருப்பி அனுப்பப்படாமல் சோதனை அறை அலமாரிமேல் தூசி படிந்து கிடந்தது. அவள் தினமும் அதை அண்ணாந்து பார்ப்பாள். எனக்குக் கொடுங்கள் சார், நான் செய்கிறேன் என்று ஒரு வாக்கியம் நெஞ்சுக்குள் ஓடும். ஊமை கண்ட கனவுதான், யாரிடம் சொல்வது?

வீட்டில் சொல்லலாம் என்றால், கணவனுக்கு எதைக் கேட்டாலும் ஒரே பதில். "ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு" என்பான். நல்ல மனுஷன், ஆனால் திசை கேட்டால் நாலு பக்கமும் கை காட்டுகிற நல்ல மனுஷன். அதனால் மாடி வீட்டிலிருக்கும் அவன் தங்கை, அதாவது இவளுடைய நாத்தனார், களத்தில் இறங்கினாள். அவள் கம்பெனி கம்பெனியாகப் போய் வாழ்க்கை வியூகம் என்று வகுப்பெடுக்கிறவள். கேள்வி கேட்பதென்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி.

"அண்ணி, அஞ்சு வருஷம் கழிச்சு நீங்க எங்க இருப்பீங்க?"

"இங்கதான். வேற எங்க போவேன்?"

"அது இல்ல அண்ணி. மனசளவுல எங்க இருப்பீங்க?"

"ஹால்லதான் இருப்பா" என்றான் கணவன். "டிவி அங்கதான இருக்கு."

நாத்தனார் அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாலு பக்கப் படிவம் ஒன்றை அண்ணி கையில் திணித்தாள். உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன, உங்களை உட்காரவிடாத கனவு எது, அதை அடையும் படிகள் யாவை. வியாழக்கிழமை காலையில் என்னிடம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்புக்குறி மூன்று சாயந்திரம் அந்தப் படிவத்தோடு மல்லுக்கட்டினாள். பெயர் எழுதும் கட்டம் மட்டும் நிரம்பியது. நாலாவது நாள் அவளுக்கே ஓர் எண்ணம் வந்தது. பலகைக்குப் படத்தாள் போடுகிறவள், தன் பிழைப்புக்கு ஒன்று போட்டுக்கொண்டால் யார் கேட்கப் போகிறார்கள்?

ஆபீஸ் தாளையே எடுத்தாள். அவளுக்கு அந்தத் தாளைவிட்டால் வேறு எதிலும் கை ஓடாது. ஒன்றாம் படம்: அவளைப் போலவே கொண்டை போட்ட பெண் ஒருத்தி, சுற்றிலும் அலமாரிகள், தலைக்குமேலே ஒரு பெரிய நாற்காலி. இரண்டு: நாற்காலிமேல் பட்டையாக ஒரு பெருக்கல் குறி, அதை வாசலுக்கு வெளியே தள்ளும் அம்பு. மூன்று: கொண்டைக்காரி அலமாரிமேலிருந்து நெபுலைசர் பெட்டியை இறக்குகிறாள். நாலு: பெட்டியோடு மேலாளர் முன்னால் நிற்கிறாள். மேலாளர் மூக்குக்கண்ணாடியை எப்போதும் நெற்றிமேல் ஏற்றி வைத்திருப்பார், அப்படியே போட்டாள். ஐந்து: கொண்டைக்காரி நெபுலைசரை வரைகிறாள், பக்கத்தில் மேலாளர் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு நிற்கிறார். ஆறு: ஒரு தாய், கையில் தாள், குழந்தை நிம்மதியாக மூச்சுவிடுகிறது. ஒரு மணி நேரத்தில் முடிந்தது. முடித்தபோது அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாழ்க்கை இவ்வளவு சுலபமா, ஆறே படம்.

இப்போது தாள்கள் இரண்டு. ஒன்று இந்த வியூகம், இன்னொன்று அந்த வாரம் அவள் முடித்த செருப்பு அலமாரி. ஒரே அளவு, ஒரே மடிப்பு. வியாழக்கிழமை காலை மாடிப்படியில் நாத்தனார் கையில் ஒன்றைத் திணித்துவிட்டு, ஆபீஸுக்கு ஓடிப்போய், சோதனைக்குரிய நீலத் தட்டில் இன்னொன்றைப் போட்டாள். என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கு மத்தியானம்வரை புரியவில்லை.

சோதனை என்பது அந்த ஆபீஸின் வழக்கம். வியாழன்தோறும் மூன்று மணிக்கு, அந்தப் பொருளைக் கண்ணாலும் பார்த்திராத ஒருவரைத் தெருவிலிருந்து கூப்பிட்டு வருவார்கள். மேஜைமேல் பெட்டியையும் தாளையும் வைப்பார்கள். தாளைப் பார்த்து அவர் பூட்ட வேண்டும். அந்த அறையில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. வரைந்தவர் திறக்கக் கூடாது, மேலாளர் திறக்கக் கூடாது, பூட்டுகிறவரும் திறக்கக் கூடாது. தாள்தான் பேச வேண்டும். திறந்தால் சோதனை ரத்து. பூட்டுகிறவருக்கு வழி தெரியாமல் போனால் சிவப்பு அட்டையைத் தூக்கிக் காட்டுவார், வரைந்தவர் எழுந்து போய் அந்த இடத்திலேயே பென்சிலால் தாளைத் திருத்த வேண்டும். இந்தச் சட்டத்தை எழுதிக்கொடுத்ததே அம்புக்குறிதான். அதில் ஒரு வரி சுவரிலேயே ஒட்டியிருந்தது: ஆள் நின்றுபோனால் தப்பு ஆள்மேல் இல்லை, தாள்மேல்.

அந்த வாரம் வந்தவர் கீழ்த்தளத்து முடிதிருத்துபவர். தன் தலையில் ஒரு முடி கிடையாது, வாயில் ஓய்வு கிடையாது. அரைக்கிராப்பு வெட்டுவதற்குள் ஊர்க்கதை முழுவதையும் வெட்டிவிடுவார். அவரைப் பேசாமல் அரைமணி நேரம் உட்காரச் சொன்னது கொடுமைதான். உதட்டை உள்ளே மடித்துப் பல்லால் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மூன்றடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது அம்புக்குறியின் போன் அதிர்ந்தது. நாத்தனார் அனுப்பிய செய்தி.

"அண்ணி, பார்த்தேன். அசந்துட்டேன். முதல்ல கீழ்த்தட்டை உறுதியா நிறுத்தணும்னு காட்டியிருக்கீங்க பாருங்க, அதான் அஸ்திவாரம். எட்டு ஸ்க்ரூவும் எட்டு லட்சியங்கள்தான? கடைசிப் படத்துல அத்தனை ஜோடி செருப்பு. எவ்வளவு தூரம் நடக்கப் போறீங்கன்னு நினைச்சு அழுதுட்டேன். நாளைக்கு வகுப்புல காட்டப் போறேன்."

செருப்பா? அம்புக்குறி நிமிர்ந்தாள். கதவு சாத்தியாகிவிட்டது. முடிதிருத்துபவர் தாளை விரித்தாகிவிட்டது. மேஜைக்கு நேர்மேலே ஒரு கேமரா உண்டு, தாளில் இருப்பது சுவரில் பெரிதாகத் தெரியும், ஆள் எங்கே தடுமாறுகிறார் என்று எல்லாரும் பார்ப்பதற்காக. சுவரில் ஆளுயரத்துக்குக் கொண்டை போட்ட பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் தலைக்குமேலே நாற்காலி.

திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அம்புக்குறிக்கு. கத்தவும் முடியாது, எழுந்து ஓடவும் முடியாது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், சோதனை ரத்து, தாளைப் பிடுங்கிக்கொள்ளலாம். சொல்லியிருக்கலாம். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா, பயத்துக்கு அடியில் அவளுக்கு ஓர் அரிப்பும் இருந்தது. தாள் வேலை செய்கிறதா என்று பார்க்கிற தொழில் அரிப்பு. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முடிதிருத்துபவர் பெட்டிக்குள் பார்த்தார். பலகைகள். தாளைப் பார்த்தார். நாற்காலி. பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார், நாற்காலி விழவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். அந்த அறையில் கைப்பிடி வைத்த பெரிய நாற்காலி ஒன்றே ஒன்று, அதில் மேலாளர் உட்கார்ந்திருந்தார். நேராக அவரிடம் போய், எழுந்திருங்கள் என்று இரண்டு கையாலும் சைகை காட்டினார். மேலாளர் திகைத்தார். ஆனால் சட்டம் சட்டம், சோதனை நடக்கும்போது பூட்டுகிறவர்தான் ராஜா. எழுந்தார். முடிதிருத்துபவர் நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் வராந்தாவில் தள்ளிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு திரும்பி வந்தார். மூலையில் உட்கார்ந்திருந்த ஆபீஸ் தச்சர் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார்.

மூன்றாம் படம். ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, அலமாரிமேலிருந்து நெபுலைசர் பெட்டியை இறக்கினார். தூசியைத் தோள் துண்டால் துடைத்தார், அது படத்தில் இல்லாவிட்டாலும். நாலாம் படம். பெட்டியோடு போய் மேலாளர் முன்னால் நின்றார். மேலாளர் இப்போது சுவரைப் பார்த்தார். நெற்றியில் கண்ணாடியோடு நிற்கும் அந்த மனிதனைப் பார்த்தார். மெதுவாகத் தன் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டு இன்னொருமுறை பார்த்தார். அதற்கப்புறம் அம்புக்குறியின் கொண்டையைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

ஐந்தாம் படத்தில்தான் சிக்கல். படத்தில் மேலாளர் கட்டைவிரலை உயர்த்துகிறார், நேரில் உயர்த்தவில்லை. முடிதிருத்துபவர் காத்திருந்தார். பெட்டியைக் கொஞ்சம் ஆட்டிக் காட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. தாளை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, மேலாளரின் வலது கையை எடுத்து, கட்டைவிரலை நிமிர்த்திவிட்டார். கையை விட்டதும் விரல் மடங்கியது. மறுபடி நிமிர்த்தினார், மறுபடி மடங்கியது. நாலுக்கும் ஐந்துக்கும் நடுவிலிருந்த இடைவெளியை விரலால் தடவிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. சிவப்பு அட்டையைத் தூக்கினார்.

ஆள் நின்றுபோனால் தப்பு ஆள்மேல் இல்லை. அம்புக்குறிக்கு அந்த வரியைப் படிக்கச் சுவரைப் பார்க்க வேண்டியதில்லை, அவள் எழுதியது. ஆறு படத்தையும் அவ்வளவு ஆசையாகப் போட்டவள், கேட்கிற படத்தை மட்டும் போடாமல் தாவியிருக்கிறாள். கேட்காமலே கிடைத்துவிட்ட மாதிரி, அவர் தானாகவே கட்டைவிரலைத் தூக்கிவிட்ட மாதிரி. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவள் தன் கொண்டைக்காரிக்கு வாயே வைக்கவில்லை. வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்து அவளை எழுப்பி நிறுத்தின.

பென்சிலை எடுத்துக்கொண்டு மேஜைக்குப் போனாள். நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஒரு விரல் அகல இடம்தான். அதற்குள் கொண்டைக்காரியின் முகத்தைப் போட்டாள். வாயை நன்றாகத் திறந்து போட்டாள். வாயிலிருந்து மேலாளரை நோக்கி ஓர் அம்பு. அவள் வாழ்க்கையில் போட்ட அம்புகளிலேயே கோணலான அம்பு அதுதான்.

முடிதிருத்துபவருக்கு முகம் மலர்ந்தது. பேசுகிற படம், அவருக்கென்றே போட்ட மாதிரி. மேலாளர் பக்கம் திரும்பி, மூச்சை இழுத்து, வாயைத் திறக்கப் போனவர், அப்படியே நின்றார். திரும்பி வந்து படத்தை உற்றுப் பார்த்தார். படத்துக் கொண்டையைத் தொட்டார். தன் மொட்டைத் தலையைத் தடவினார். இல்லை என்று தலையாட்டினார். பிறகு அறையிலிருந்தவர்களின் தலைகளைத் தொழில்காரப் பார்வையால் ஒவ்வொன்றாக அளந்துகொண்டே வந்து, அம்புக்குறியின் கொண்டையில் நிறுத்தினார். நெபுலைசர் பெட்டியைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார்.

அம்புக்குறி பெட்டியோடு மேலாளர் முன்னால் போய் நின்றாள். நாலாம் படம். வாயைத் திறந்தாள்.

"சார், எனக்கு அந்த நாற்காலி வேண்டாம். நல்ல நாற்காலிதான், எனக்கு வேண்டாம். அதுல உக்காந்தா நான் வரைய முடியாது. எனக்கு இதை வரையணும். வீட்டுல வச்சு பயந்துகிட்டே பூட்டறாங்க சார், எழுத்தைப் பார்த்து அழுதுகிட்டு. நாலு படம் போட்டா போதும். நான் போட்டுப் பார்த்துட்டேன், ஆஸ்பத்திரியில, எக்ஸ்ரே உறை மேல. வேலை செய்யுது. இந்த வேலையை எடுத்து எனக்குக் குடுங்க சார். இதைத்தான் கேக்கறேன்."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"சோதனை ரத்து" என்றார் தச்சர், கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்துவிட்டு.

மேலாளர் அவரைக் கவனிக்கவில்லை. "நான் ஏன் வேண்டாம்னு சொன்னேன் தெரியுமா?" என்றார். "இந்த ஆபீஸ்ல இதை யார் ஆசைப்பட்டு வரைவான்னு நினைச்சேன். பொடிப்பொடியா குழாயும் மூடியும். நீங்க பக்கத்து மேஜையிலதான் உக்காந்திருந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே எடுத்திருப்பேன்."

அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது, ஆனால் வந்தது சிரிப்பு. இரண்டரை மாதம் அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். எவ்வளவு பெரிய கதவு என்று பயந்தாளோ, அதில் தாழ்ப்பாளே போட்டிருக்கவில்லை.

"இப்ப எடுக்கலாமா சார்?"

"முடியாதுன்னு எழுதினவன் நான். மறுபடி நானே போய்க் கேட்டா நல்லாருக்காது. அவங்க வேற ஆளைப் பிடிச்சிருந்தாலும் பிடிச்சிருப்பாங்க." பெட்டியின் பக்கவாட்டைக் காட்டினார். "நம்பர் இருக்கு. நீங்களே பேசுங்க. அவங்க சரின்னா எனக்கும் சரி. நாற்காலிக்கு நான் வேற ஆள் பார்த்துக்கறேன்."

"நாளைக்குக் காலையில..."

"இப்பவே பேசுங்கம்மா" என்றார் முடிதிருத்துபவர். அரைமணி நேரமாக அடக்கி வைத்திருந்தது பீறிட்டது. "எனக்குக் கடையில ஆள் காத்துகிட்டு இருக்கு, என்ன ஆச்சுன்னு தெரியாம நான் போக மாட்டேன். போனா என் கத்திரிக்கோலே ஓடாது. நம்பரைச் சொல்லுங்க, நான் போட்டுத் தரேன்."

நம்பரை அவளே அழுத்தினாள். மணி அடித்தது. மூன்றாவது மணியில் யாரோ ஒரு பெண் எடுத்தாள். அந்தப் பெண் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் அம்புக்குறி ஆரம்பித்துவிட்டாள்.

"படம் போட்ட தாள் வேணும்னு எங்க ஆபீஸுக்கு எழுதியிருந்தீங்களே, மூச்சு மெஷினுக்கு, இன்னும் வேணுமா?"

"வேணும்தான்" என்றது குரல். "ஆனா உங்க ஆபீஸ்ல முடியாதுன்னு சொல்லிட்டாங்களே. நீங்க யாரு பேசறது?"

"நான்தான் அதை வரையப் போறவ."